கட்டம் நகரும் வேகம்

கூடத்தில் பிரிண்டர் கிறீச்சிட ஆரம்பித்தபோது மணவாளன் அடுக்களையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். இந்த டம்ளரிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக ஊற்றி, நடுநடுவே புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து. சத்தம் கேட்டதும் கை நின்றுவிட்டது. முன்பெல்லாம் அந்த பிரிண்டர் ஓடினால் நாலைந்து வரி ஓடும். இப்போது பத்துப் பன்னிரண்டு நாளாக ஒரே வரிதான். அதன் தலை இப்படியும் அப்படியுமாக நாலு தடவை போய்வந்து, காகிதத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டு அடங்கிவிடும். டம்ளர்களை மேடைமேல் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தபடி போய்க் குனிந்தார். குனியாமலே தெரியும். ஆனாலும் குனிந்து படித்தார்.

'குழாய எடு.'

அந்த வரியோடு காகிதத்தைக் கிழித்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நேற்றையதை வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தார். அதற்கு முந்தையதைப் பொடிப்பொடியாகக் கிழித்துச் சாக்கடையில் விட்டார். இன்றைக்கு வேறு ஒன்று செய்தார். பிரிண்டருக்குப் பக்கத்தில் செங்கல் அளவுக்கு ஒரு தகரப் பெட்டி இருந்தது. முகப்பில் ஒரு குமிழ். அதன் இரண்டு பக்கமும் ஏ, பி என்று எழுதியிருக்கும். ஏ பக்கம் திருப்பினால் பிரிண்டர் கூடத்திலிருக்கும் மகளுடைய கம்ப்யூட்டரோடு சேரும். பி பக்கம் திருப்பினால் உள்ளறையில், கட்டிலுக்கு எதிரே, மனைவி பார்வதத்தின் பழைய கம்ப்யூட்டரோடு சேரும். மகள் வனஜா காலையில் அம்பத்தூர் கம்பெனிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டுவதற்கு முன், குமிழை பி பக்கம் வைத்துவிட்டுத்தான் போவாள். "அம்மாவுக்கு வெச்சிட்டேன் நைனா." மணவாளன் அதை ஏ பக்கம் திருப்பினார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வரிசையில் இருபத்துநாலு வீடு. ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் என்பது அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத்தில் மற்ற இருபத்துமூன்று வீட்டுக்கும் பேச்சு. ஆனால் ஒன்று வனஜா சாயங்காலங்களில் காலேஜ் பிள்ளைகளுக்கு பிராஜெக்ட் டைப் அடித்துக் கொடுப்பதற்காக வாங்கிய புதுசு. இன்னொன்று உத்தமன் என்ற இன்ஜினியர், வேண்டாம் என்று தூக்கிப் போட மனமில்லாமல் கொடுத்துவிட்டுப் போன பழசு. ஆனைக்குட்டி மாதிரி கனம். திரையில் பச்சை எழுத்தைத் தவிர வேறு நிறம் வராது. பார்வதத்தின் பேச்சு முழுக்க அதற்குள்தான் இருந்தது.

பார்வதம் பாரிவாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். செய்யாற்றுப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து, நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற மணவாளனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். வனஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டது, ஓதம் ஏறிய சுவரைக் காட்டி மெயின்டனன்ஸ் ஆட்களை வரவழைத்தது, மணவாளனின் அண்ணனிடம் பங்கு பற்றிப் பேசியது எல்லாம் அவள்தான். தண்ணி லாரி வந்தால் தெருமுனையில் அவள் குரல் முதலில் கேட்கும். "யோவ், இன்னாய்யா, பைப்ப அந்தாண்டயே புட்சிகினு கீற? இந்தாண்ட ஊட்ல மனுசங்க இல்லியா?" லாரிக்காரன் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திருப்புவான்.

தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் அந்தக் குரல் குழறியது. நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி. குழாயடியில் ஒருத்தி, "காலங்காத்தாலயே ஊத்திகினு வந்துகீது பாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதைப் பார்வதம் கேட்டாள். திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். என்ன வந்ததோ, அவளுக்கே புரியவில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் அப்புறம் குழாயடிக்குப் போகவில்லை. நரம்பில் வருகிற நோய், நாக்கில் ஆரம்பித்துத் தொண்டை, கை, கால் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போகும், புத்தியையும் கண்ணையும் மட்டும் விட்டுவைக்கும் என்று டாக்டர் சொன்னார். மருந்து என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்தா சத்து மாத்திரையா என்று மணவாளன் கேட்கவில்லை. கேட்கிறவளுக்கு அப்போது பேச்சு போயிருந்தது.

எதிர் வரிசையில் குடியிருந்த உத்தமன்தான் அந்த எழுத்துத் திரையைச் செய்து கொடுத்தவன். திரையில் எழுத்தெல்லாம் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சக் கட்டம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் சுவிட்சை அழுத்தினால், கட்டம் அந்த வரிசைக்குள் ஒவ்வோர் எழுத்தாக நகரும். மறுபடி அழுத்தினால் அந்த எழுத்து கீழே விழும். கீ போர்டின் உள்ளே இரண்டு ஒயரைப் பற்றவைத்து இழுத்து, வாசலில் மாட்டுகிற காலிங்பெல் சுவிட்ச் ஒன்றோடு சேர்த்து, அதை அவள் வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில் வைத்தான். அப்புறம் ஒரு வாரம் ஆபீஸ் விட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தான். கட்டம் வேகமாகப் போனது, குறைத்தான். ரொம்ப மெதுவாகிவிட்டது, கூட்டினான். "அக்கா, உங்க விரல் எவ்ளோ நேரத்துல எழுந்திருக்குதோ அதான் கணக்கு. மெசின் காத்துகினு இருக்கும், நீங்க அவசரப்படாதீங்க." ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி அவள் ஒரு விரலுக்கு அளவெடுத்து அந்த வேகத்தை நிலைப்படுத்தினான். 'தண்ணி' என்று எழுத அவளுக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று.

அவள் முதன்முதலில் எழுதியது தண்ணி அல்ல. 'யோவ் சட்டைல பட்டன் இல்ல போய் மாத்து.' கால்மணி நேரம் எழுதினாள். பிரிண்டரில் அது வந்தபோது மணவாளன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்ததில் வனஜா பயந்துபோய்த் தோளைத் தொட்டாள். அடுத்த ஆறு மாதத்தில் உத்தமன் அமெரிக்கா போய்விட்டான்.

தொண்ணூற்றேழு ஆடி மாதத்தில் கஞ்சி புரையேறி நுரையீரலுக்குள் போய், பார்வதம் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது, மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். குழாயைப் பார்த்ததும் அவள் கண் இரண்டும் இப்படியும் அப்படியும் போயிற்று. வேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருமுறை அழுத்தமாக மூடித் திறந்தால் சரி. நர்ஸ் காத்திருந்தாள். மணவாளன் குனிந்து, அவள் காதருகில், "பத்து நாளைக்குத்தான் பார்வதம். சளி ஆறினதும் எடுத்துடுவாங்க. டாக்டரே சொன்னாரு" என்றார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தாள்.

தொழிற்சாலைக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மணவாளனே கூட இருந்தார். வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் காலையில் பிரிண்டர் ஓடியது. 'பத்து நாள் ஆச்சு.' அவர் இன்னும் நாலு நாள் என்றார். அப்புறம் ஒரு வாரம் என்றார். 'எடு' என்று வந்தது. 'எடுய்யா' என்று வந்தது. ஒருநாள் 'பொய்யன்' என்று வந்தது. அதற்கப்புறம் கோபம் எல்லாம் போய், தினமும் பத்து மணிக்கு, விரல் கொஞ்சம் ஓடுகிற நேரத்தில், அந்த ஒரே வரி. எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டாள்.

வனஜாவிடம் அவள் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் நாள் முழுக்க பக்கத்தில் இருப்பாள். அப்போது 'ஜன்னல் தொற', 'ஒனக்கு புதுசா செருப்பு வாங்கு' என்று இப்படித்தான் பார்வதம் எழுதுவாள். இதை மகள் தலையில் வைக்க அவளுக்கு மனமில்லை, இது புருஷன் செய்ய வேண்டியது என்று வைத்திருக்கிறாள் என்பது மணவாளனுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் காகிதங்களை ஒளித்தார். வாழ்க்கை முழுக்க எதையும் தானாகத் தீர்மானிக்காதவர். எந்தப் பக்கம் போகலாம் என்று அவளைத் திரும்பிப் பார்த்தே நடந்தவர். இப்போதும் அவள் தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குமிழைத் திருப்பிய அன்று, கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். திரையின் அடியில் 'பிரிண்டர் தயாரில்லை' என்று ஒரு வரி நின்றது. மேலே கட்டம் அசையாமல் ஒரே எழுத்தின்மேல் நின்றது. அவருக்கு அது எதிர்பாராதது. காகிதம் மட்டும்தான் நிற்கும் என்று நினைத்திருந்தார். பிரிண்டருக்காகக் காத்துக்கொண்டு எழுத்தும் சேர்ந்து நின்றுவிடும் என்று தெரியாது. பார்வதம் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தாள். டிக். கொஞ்சம் கழித்து டிக். அவர் பெரிய சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி, உயர்த்திப் பிடித்து, கஞ்சியை ஊற்றினார். இது இறங்கினதும் போய்த் திருப்பிவிடலாம் என்று நினைத்தார். இறங்கியது. சிரிஞ்சைக் கழுவினார். துணி ஊறவைத்தார். சாயங்காலம் வனஜா வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் திருப்பினார்.

"இன்னிக்கி ஒண்ணும் எழுதலியா அம்மா?"

"அசதியா இருந்தா போல. தூங்கிட்டா" என்றார்.

மறுநாளும் திருப்பினார். அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை குமிழ் காலையிலிருந்தே பி பக்கம் இருந்தது. பிரிண்டர் ஓட ஆரம்பித்ததும் அவர் புழக்கடையில் போய் நின்றுகொண்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவாள். வனஜா காகிதத்தோடு வருவாள். வெகுநேரம் கழித்து உள்ளே வந்தபோது மகள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். பிரிண்டரில், 'தலைக்கு எண்ண வை' என்றிருந்தது. அவ்வளவுதான் பார்வதம் எழுதியிருந்தாள். அவள் திட்டி எழுதியிருந்தால், காட்டிக்கொடுத்திருந்தால், அவருக்குத் தாங்கியிருக்கும்.

ஐப்பசி பிறந்த வாரம் மழையில் கரண்ட் போய், வந்து, மறுபடி போய், குழல் விளக்கெல்லாம் ஒருமுறை பளீரென்று எரிந்தபோது, உள்ளறையில் கருகல் நாற்றம் வந்தது. பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிசாகப் புகை. மணவாளன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றவருக்கு உடம்பெல்லாம் ஏதோ இளகிய மாதிரி இருந்தது. அது நிம்மதி என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தார். பார்வதம் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றியதும் உதட்டைப் பிதுக்கினான். "போர்டே எரிஞ்சி போச்சி சார். இந்த மாடலுக்கு ஸ்பேர் எங்க கீது இப்போ?" வனஜா விடவில்லை. உத்தமன் செய்த புரோகிராம் ஒரு பெரிய பிளாப்பியில் இருந்தது. ஆனால் அவளுடைய புதுக் கம்ப்யூட்டரில் சின்ன பிளாப்பிதான் போகும். குமணன்சாவடியில் டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த தாயம்மாளிடம் இரண்டும் போகிற மெசின் ஒன்று உண்டு. தாயம்மாள் பாரிவாக்கத்தில் பார்வதத்துக்கு அடுத்த வீடு. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள். வனஜா கம்பெனிக்கு லீவு போட முடியாமல் அப்பாவை அனுப்பினாள்.

மணவாளன் பூந்தமல்லி பஸ்ஸில் பிளாப்பியைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு போனார். தாயம்மாள் அதைப் பெரிசிலிருந்து சின்னதுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, காசு கொடுக்கப் போன கையைத் தட்டிவிட்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன் கேளு. இது புது மெசின்ல ஓடாது. ஓடும், ஆனா கண்ணுமண்ணு தெரியாம ஓடும். பழைய புரோகிராம்லாம் அப்டித்தான், மெசின் எவ்ளோ வேகமோ அவ்ளோ வேகத்துல போவும். பாரு, பின்னாடி ரூம்ல அதே மாதிரி பழசு ஒண்ணு சும்மா கெடக்குது. மேல துணி போட்டு மூடி வெச்சிகீறேன். ஆட்டோ வெச்சி இப்பவே எடுத்துகினு போ. பார்வதத்துக்கு இல்லாததா?"

மணவாளன் அந்த அறையை எட்டிப் பார்த்தார். பச்சைத் துணிக்கு அடியில் அதே கனமான உருவம். "வனஜாவோட வந்து எடுத்துக்கறேன்மா" என்றார்.

அன்று சாயங்காலம் வனஜா தன்னுடைய கம்ப்யூட்டரை உள்ளறைக்கே தூக்கிக்கொண்டுபோய் வைத்து, காலிங்பெல் சுவிட்சின் ஒயரைத் தன் கீ போர்டில் மாட்டி, புரோகிராமைப் போட்டாள். எழுத்துகள் வந்தன. கட்டம்தான் தெரியவில்லை. திரை முழுக்க ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. "நைனா, இது நகரல. பறக்குது" என்றாள். பார்வதம் கண் இமைக்காமல் பார்த்தாள். விரல் மெல்ல அழுந்தியது. கீழே ஒரு எழுத்து விழுந்தது. இன்னொன்று. 'ஞறளங.' வனஜா அதை அழித்தாள். மறுபடி. 'ணஞழற.' கம்பெனியில் யாரோ கொடுத்தார்கள் என்று வேகத்தைக் குறைக்கிற ஒரு புரோகிராமைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். கட்டம் நின்று நின்று, திடீரென்று நாலு வரிசை தாண்டிக் குதித்தது. மூன்று நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பார்வதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தாயம்மா சித்தி கிட்ட பழைய மெசின் எதுனா கீதான்னு கேட்டியா நைனா?"

கட்டில் கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மணவாளன் நிமிரவில்லை. "இருந்துச்சாம். போன வருசமே வித்துட்டாங்களாம்."

சொன்ன பிறகுதான் பார்த்தார். மூடியிருந்த கண் திறந்திருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் ஐந்து வாரம் பிரிண்டர் வனஜாவுக்கு மட்டும் ஓடியது. பார்வதத்தோடு பேச்சு என்பது கேள்வி கேட்பதுதான். தண்ணி வேணுமா, புரட்டிப் படுக்கவைக்கட்டுமா, விளக்கு கண்ணில் படுகிறதா. சரி என்றால் ஒரு மூடல். கேட்பது மட்டும் அவர் கையில் இருந்தது. குழாயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. முதல் வாரம் அது வசதியாகத்தான் இருந்தது. பத்து மணி வந்தால் ஒளிக்கக் காகிதம் இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்து அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டுவிட்டு அவர் நிற்பார். அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரோடு பேசாமல் இருந்த நாள் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. சண்டை போட்ட நாளில் இன்னும் அதிகமாகத்தான் பேசுவாள்.

கார்த்திகை நடுவில் ஒருநாள் மதியம், பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஃபாரம் நிரப்பித் தரச் சொல்லி வந்துவிட்டுப் போன அவசரத்தில், கஞ்சியை ஆற்றினோமா இல்லையா என்ற நினைவே இல்லாமல் எடுத்துப் போனார். சிரிஞ்சை உயர்த்தி ஊற்றினார். பார்வதத்தின் கண் அகலமாகத் திறந்தது. இப்படியும் அப்படியும் போயிற்று, வேகமாக, மறுபடி மறுபடி. "இன்னும் கொஞ்சம்தான், குடிச்சிடு" என்றார். குடிக்கிறவளா அவள்? அது தானாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. மீதியை ஊற்ற டம்ளரைத் தூக்கியபோதுதான் அது விரலைச் சுட்டது. அதுவரை விளிம்பைப் பிடித்தே தூக்கியிருந்தார். எவர்சில்வர் டம்ளர், விளிம்பு தவிர மற்றதெல்லாம் நெருப்பு மாதிரி இருந்தது. டம்ளர் கைதவறிக் கீழே விழுந்தது. மணவாளன் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் தலையைத் தலையை ஆட்டினார். ஐஸ் தண்ணி ஊற்றலாமா கூடாதா, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. எழுந்து அவள் முகத்தைத் துடைத்தார். "சுட்டுதா? ரொம்ப சுட்டுதா பார்வதம்?" அவள் உத்தரத்தைப் பார்த்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, ஆறிவிடும் என்று போனபின், பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தை உட்காரவைத்துவிட்டு அவர் மழையில் குமணன்சாவடிக்குப் போனார். தாயம்மாள் அன்றைக்கு இல்லை. அவள் தம்பி எடுத்துக் கொடுத்தான். ஆட்டோவில் மடிமேல் அந்தப் பெட்டி, காலுக்கிடையில் மானிட்டர், மேலே தன் குடை. வானகரம் பக்கம் தண்ணி தேங்கி வண்டிகளை எல்லாம் திருப்பிவிட்டிருந்ததால் அந்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டு, வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெட்டி நனையாமலிருக்க அவர் அதன்மேல் கவிழ்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெடச்சிது நைனா?" வனஜா கத்தியேவிட்டாள்.

"கெடச்சிது. தேடினேன்."

பெரிய பிளாப்பியைப் போட்டார்கள். பச்சை எழுத்து வந்தது. வெளிச்சக் கட்டம் முதல் வரிசையில் நின்றது, இறங்கியது, நின்றது, இறங்கியது. உத்தமன் அளந்துவைத்த அதே வேகம். வனஜா கையைத் தட்டினாள். சுவிட்சை எடுத்து அம்மாவின் விரலுக்கடியில் வைத்து, அதை அசையாமலிருக்க பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். "அம்மா, பாரு, பழைய மாதிரியே. எழுதும்மா. எது வேணா எழுது." கட்டம் கடைசி வரிசை வரை போய் மறுபடி மேலே வந்தது. பார்வதம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு ஒன்று புடைத்தது. நெற்றியில் வேர்த்தது. விரல் அப்படியே கிடந்தது. கட்டம் மறுபடி கீழே போய் மேலே வந்தது. வனஜா சுவிட்சை இடம் மாற்றினாள். நடுவிரலில் வைத்தாள், கட்டைவிரலில் வைத்தாள், இடது கையில் வைத்தாள். அந்தக் கை இரண்டு வருஷத்துக்கு முன்பே போனது என்று அவளுக்கும் தெரியும்.

"ஒரு மாசம் முன்னால கூட அழுத்துனாளே" என்றாள். "ணஞழறன்னு அழுத்துனாளே நைனா."

ஒரு மாதம் சும்மா கிடந்ததால் விரல் போயிற்றா, எப்படியும் போகிற விரலா என்று டாக்டரிடம் கேட்கலாம். மணவாளன் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை வனஜாவுக்கு அரைநாள். மதியத்துக்கு மேல் தாயம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். உள்ளே போய்ப் பார்வதத்தின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பழைய கதை ஏதோ சொல்லி அவளாகவே சிரித்தாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"மெசின் நல்லா ஓடுதே. ஏன் மாமா, இத அப்பவே எடுத்துகினு வந்திருக்கலாமே? விரல் இருந்தப்பவே நாலு வார்த்த பேசிகினு இருந்திருப்பா."

காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த வனஜாவின் கை அப்படியே நின்றது. "எப்ப சித்தி?"

"பிளாப்பி மாத்த வந்தாரே அன்னிக்கி. நான்தான் சொன்னேனே, இப்பவே ஆட்டோல போட்டுகினு போன்னு. நீ வரணும்னு சொன்னாரு. நீதான் வேலவேலன்னு வரவே இல்ல."

வனஜா டம்ளரைத் தாயம்மாள் கையில் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பினாள். மணவாளன் கூடத்தில், தகரப் பெட்டிக்குப் பக்கத்தில், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். எடுத்த காகிதங்களையெல்லாம், அதில் இருந்த வரியை, தினமும் பத்து மணியை, டிக் டிக்கென்ற சத்தத்தை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்காக ஆரம்பித்துக் கொடுக்கிறவள் உள்ளே படுத்திருந்தாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் வனஜா.

பிறந்ததிலிருந்து அவள் அவரை நீங்க என்று சொன்னதில்லை.

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. அவர் வாசலுக்கு வந்தார். உள்ளறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். திரை இழுத்து விட்டிருந்தாலும் குரல் கேட்டது. "அம்மா, மெசின் வாணாம். நானே ஒவ்வொரு எழுத்தா சொல்றேன். ஒனக்கு வேண்டியது வந்தா கண்ண மூடு. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல. நைனா இங்க இல்ல. என்னாண்ட என்ன வேணா சொல்லு." பிறகு அவள் எழுத்துகளைச் சொல்ல ஆரம்பித்தாள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு. மணவாளன் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

அப்போது தொழிற்சாலையில் சங்கு ஊதியது. நீளமாக, மழையோடு சேர்ந்து, வேறு எந்தச் சத்தத்தையும் விடாமல் ஊதியது. அது அடங்கியபோது உள்ளே குரல் இல்லை. ஏதாவது ஓர் எழுத்துக்குப் பார்வதம் கண்ணை மூடினாளா, இல்லை வனஜா வெறுமனே காத்திருக்கிறாளா என்று தெரியவில்லை. தெரு முனையில் ஷிப்ட் விட்டு வந்த சைக்கிள்கள் திரும்பின. நூறு, இருநூறு என்று, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்துக்கொண்டு, ஹேண்டில் பாரில் சாப்பாட்டுப் பைகள் ஆட, தெருவை அடைத்துக்கொண்டு தண்ணீரில் மெதுவாக வந்தன. அவர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார்கள்.